எட்டு பத்து போனா எட்டு இருபது

சாயங்காலம் 3.40. நம்ம பார்க்கிங் கிரவுண்டில் முதல் பஸ் ஹாரன் அடிக்கும். அதுக்கப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. லேபில் ரீடிங் பாதியில் நிற்கும். லைப்ரரியில் எடுத்த புத்தகம் மேஜையிலேயே கிடக்கும். இந்த இதழுக்கான எடிட்டோரியல் மீட்டிங் இதுவரைக்கும் ஒரு தடவைகூட முழுசா முடிஞ்சதில்லை. யாராவது ஒருத்தர் "பஸ் போயிடும்டா" என்று எழுந்து ஓடுவார், பின்னாடியே எல்லாரும். அந்த பஸ்ஸை விட்டா அவ்வளவுதான். அடுத்த பஸ் நாளைக்கு.

மூணு வருஷத்துக்கு மேல் இதைப் பார்த்துப் பழகிட்டதால, இது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தோணல. போன செமஸ்டர் லீவில் என் தாத்தா சொன்ன ஒரு பதிலைக் கேட்டதும்தான் உறைச்சது.

எங்க வீடு கிழக்குத் தாம்பரத்தில். 1974-ல் தாத்தா ஒரு கிரவுண்டு வாங்கிக் கட்டிய வீடு. அவர் வேலை பார்த்தது பாரிமுனையில் ஒரு கம்பெனியில் கிளார்க்காக. பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். "ஏன் தாத்தா அவ்ளோ தூரம் வந்து இடம் வாங்குனீங்க?" என்று கேட்டேன். விலை கம்மி என்று சொல்வார் என்றுதான் நினைச்சேன்.

"விலை கம்மியா இன்னும் எத்தனையோ ஊர்ல இடம் கிடைச்சுதுடா. இங்க எலெக்ட்ரிக் ட்ரெயின் இருந்துச்சு. எட்டு பத்து போனா எட்டு இருபது. அது இல்லன்னா யாரு வருவா இந்தக் காட்டுக்கு?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியைப் பத்தித்தான். எட்டு பத்து போனா எட்டு இருபது. ஒரு ஊரே இதை நம்பி எழுந்திருக்கு. நம்ம காலேஜில் இன்னும் இது வரலை.

ரயில் வந்தும் வளராத ஊர்

தாம்பரம் ரயிலால் வளர்ந்த ஊர் என்று எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கொஞ்சம் தேடிப் படித்த பிறகு அதில் ஒரு திருத்தம் தேவை என்று தெரிஞ்சது.

சென்னையிலிருந்து தெற்கே போகும் மீட்டர் கேஜ் பாதை 1870-களிலேயே போடப்பட்டது. சவுத் இந்தியன் ரயில்வே என்ற கம்பெனியின் பாதை அது. தாம்பரம் வழியாகத்தான் ரயில் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் போனது. அப்படியென்றால் ஐம்பது வருஷத்துக்கு மேல் தாம்பரத்தில் தண்டவாளம் இருந்தது, ரயிலும் ஓடியது. ஆனால் ஊர் வளரவில்லை. ஏரி, வயல், பச்சைமலை, ஜி.எஸ்.டி. ரோடு, சுத்தி சின்னச் சின்ன கிராமங்கள். அவ்வளவுதான்.

1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் இங்கே ஒரு காசநோய் சானடோரியம் ஆரம்பித்தார். முதலில் இருந்தது 12 படுக்கைகள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு, இதுதான் சிகிச்சை. நகரத்தின் நெரிசலும் புகையும் எட்டாத இடமாகப் பார்த்துத்தான் இப்படிப்பட்ட மருத்துவமனைகளை வைப்பார்கள். அப்படித் தேடினால் கண்ணில் படுகிற இடமாக அன்றைக்குத் தாம்பரம் இருந்தது. இன்றைக்கு நீங்க இறங்குகிற "தாம்பரம் சானடோரியம்" ஸ்டேஷன் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு 1931. ஏப்ரல் 2-ஆம் தேதி அன்றைய சென்னை கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி, பீச் - தாம்பரம் மின்சார ரயிலைத் தொடங்கி வைத்தார். மே 11 முதல் பொதுமக்களுக்கு ஓட ஆரம்பித்தது. பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால் மீட்டர் கேஜில் மின்சார ரயில் என்றால் இந்தியாவிலேயே முதலாவது நம்ம தாம்பரம் லைன்தான்.

அதுக்கப்புறம் ஊர் வேகம் எடுத்தது. ஜார்ஜ் டவுனில் இடமில்லாமல் இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி, ஆரம்பித்து நூறு வருஷம் ஆன 1937-ல், 365 ஏக்கர் பரப்புள்ள தாம்பரம் வளாகத்துக்கு மாறியது. யோசிச்சுப் பாருங்க. நகரத்தின் நடுவில் நூறு வருஷம் இருந்த ஒரு காலேஜ் இவ்வளவு தூரம் தள்ளி ஒரு புதர்க்காட்டுக்குத் துணிஞ்சு வருது. பாரிமுனையிலிருந்து ஒரே ரயிலில் ஏறி இறங்கலாம் என்ற வசதி இல்லாமல் அந்தத் துணிச்சல் வந்திருக்காது என்பது என் கருத்து. 1964-ல் தாம்பரம் நகராட்சி ஆனது. 1984-ல் சானடோரியம் பக்கத்தில் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்தது. காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்று பாருங்க, ரயிலிலிருந்து இறங்கி அந்த கேட்டை நோக்கி நடப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று தெரியும். 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாத்தையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியே ஆகிவிட்டது. மொத்தம் 70 வார்டு.

ஆக, 1870-களில் தண்டவாளம் வந்தது. ஊர் அசையலை. 1931-ல் அதே தடத்தில் வேற மாதிரி ரயில் வந்தது. ஊர் எழுந்தது. நடுவில் என்ன மாறியது?

ட்ரிபிள்-ஈ பையன் சொல்லும் பதில்

நான் ட்ரிபிள்-ஈ டிபார்ட்மென்ட் என்பதால் இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னு ஆசை. மெக்கானிக்கல் நண்பர்கள் தப்பு இருந்தால் திருத்துங்க.

நீராவி எஞ்சின் நீண்ட தூரம் ஒரே சீராக இழுக்க நல்லது. ஆனால் ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திக் கிளப்பினால் அதுக்குக் கஷ்டம். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்க நேரம் ஆகும். நடுவில் தண்ணீர் ஏத்தணும், கரி ஏத்தணும். கடைசி ஸ்டேஷனுக்குப் போனதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுத்திக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டணும். இவ்வளவும் செய்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வர முடியும்?

மின்சார ரயிலில் இந்த வேலை எதுவும் இல்லை. தனி எஞ்சின் கிடையாது, மோட்டார் பெட்டிக்கு அடியிலேயே இருக்கு. ரெண்டு முனையிலும் டிரைவர் கேபின். தாம்பரம் வந்தால் டிரைவர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போய் ஏறிக்கொண்டால் போதும், வண்டி திரும்பக் கிளம்பத் தயார். டி.சி. சீரீஸ் மோட்டாருக்கு ஸ்டார்ட்டிங் டார்க் அதிகம் என்று மூணாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கா? நான் அதை ரெண்டு மார்க் கேள்விக்காகத்தான் படிச்சேன். அது சும்மா ரெண்டு மார்க் விஷயம் இல்லை. நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்க முடிந்ததால்தான் கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஸ்டேஷன் வைக்க முடிந்தது. ஸ்டேஷன் கிட்ட கிட்ட இருந்ததால்தான் பல்லாவரம், குரோம்பேட்டை என்று வரிசையாக நடந்து போகிற தூரத்தில் வீடுகள் வந்தன. சீக்கிரம் திரும்ப முடிந்ததால்தான் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்ற பேச்சே சாத்தியமானது.

அப்போது அந்த லைனில் ஓடியது 1500 வோல்ட் டி.சி. 1960-களில் அதை 25 கிலோவோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றன. நான் பிறந்த வருஷம். அதுக்கப்புறம் எல்லாம் பிராட் கேஜ். 2025 ஏப்ரலில் நம்ம ஐ.சி.எஃப். தயாரித்த ஏ.சி. மின்சார ரயிலும் இதே லைனில் வந்தாச்சு. வோல்டேஜ் மாறியது, தண்டவாள அகலம் மாறியது, பெட்டி மாறியது. மாறாத ஒண்ணு, ஒரு வண்டி போனால் அடுத்தது வரும் என்ற நம்பிக்கை.

தாத்தா சொன்னதும் இதுதான். அவருக்கு மோட்டார் பத்தி எதுவும் தெரியாது. ஆனால் ஆபீஸில் கணக்கு டேலி ஆகலைன்னா ஏழு மணி வரைக்கும் உட்காரலாம், வீட்டுக்கு எப்படிப் போறது என்ற கவலை இல்லை. மாசக் கடைசியில் சம்பளம் வாங்கிக்கொண்டு பாரிமுனையில் ரெண்டு கடை ஏறி இறங்கலாம். அத்தை டைப்ரைட்டிங் கிளாஸ் முடிஞ்சு மாம்பலத்திலிருந்து தனியா வரலாம். சீசன் டிக்கெட் வாங்கியவருக்கு ரயில்வே கொடுத்தது தூரத்தைக் கடக்கும் வசதி மட்டும் இல்லை. அவருடைய நேரம் அவர் கையிலேயே இருந்தது.

ரயில் ஊருக்கு வந்தால் போதாது. அடிக்கடி வரணும். தாம்பரத்தின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

ரயில் போகாத பக்கம்

இதே ஊரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். இல்லன்னா என் ஊர்ப் பெருமை பேசுகிற மாதிரி ஆகிடும்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தைத் தாண்டியும் தாம்பரம் பரவியது. முடிச்சூர் பக்கம் போய்ப் பாருங்க. ரயிலுக்கு எட்டாத, விலை கம்மியான இடங்களில் பிளாட் போட்டு வித்தாங்க. அதில் பல இடம் அடையாறு ஆத்துக்கும் ஏரிகளுக்கும் பக்கத்திலேயே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் எப்படி மூழ்கியது என்று டி.வி.யில் பார்த்திருப்பீங்க. அப்போ நான் ஆறாவது படிச்சிட்டிருந்தேன். என் ஸ்கூல் ஃப்ரெண்ட் குடும்பம் எங்க வீட்டு மாடியில் நாலு நாள் தங்கியிருந்தது. அடிக்கடி ஓடும் ரயில் இருக்கிற இடத்தைச் சுத்தித்தான் மக்கள் முதலில் வீடு தேடுவாங்க. அது எட்டாதவங்க எங்கே மலிவாக் கிடைக்குதோ அங்கே போவாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

அப்புறம், தண்டவாளம் ஊரை ரெண்டாவும் பிரிச்சிடுச்சு. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம். எங்க பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் மார்க்கெட்டுக்குப் போக எங்க பாட்டி படியேறி இறங்க வேண்டியிருக்கு. முட்டி வலி வந்ததிலிருந்து அவங்க போறதே இல்லை. இதையும் ரயில் கணக்கில்தான் எழுதணும்.

இப்போ ஓ.எம்.ஆருக்கு வாங்க. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று கட்டடங்கள் போய்க்கிட்டே இருந்துச்சு. சாலையை ஆறு வழியா அகலப்படுத்தினாங்க. அந்தச் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோவுக்கு, அதாவது இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு, அடிக்கல் நாட்டியது 2020 நவம்பரில். இடையில் இருபது வருஷம். அந்த இருபது வருஷத்தில் வேலைக்கு வந்தவங்க என்ன செஞ்சாங்க? கேப், கம்பெனி பஸ், பைக், ஷேர் ஆட்டோ. இல்லன்னா பக்கத்திலேயே பி.ஜி.யில் ஆறு பேருக்கு ஒரு ரூம்.

எனக்குக் கிடைத்திருக்கும் வேலையும் சிறுசேரியில்தான். என் தாத்தா தாம்பரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போய், ராத்திரி வீட்டில் சாப்பிட்டார். நான் அதைவிடக் குறைந்த தூரத்தில் வேலைக்குப் போக, வீட்டை விட்டு பி.ஜி. பார்க்க வேண்டியிருக்கு. ஐம்பது வருஷத்தில் நாம முன்னேறியிருக்கோமா என்று அவர் கிண்டலா கேட்டப்போ என்னால் பதில் சொல்ல முடியலை.

கிளாம்பாக்கமும் இதே கதைதான். தென்மாவட்ட பஸ்களுக்கான அவ்வளவு பெரிய முனையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். மின்சார ரயில் பாதை ரோட்டுக்கு அந்தப்பக்கம்தான் ஓடுது. ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. பெட்டி படுக்கையோடு வந்தவங்க வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிச்சாங்க. 1931-ல் ரயில் முதலில், ஊர் பிறகு. இப்போ எல்லாம் வந்த பிறகு ரயில்.

நீங்க கேட்கப் போகும் கேள்விகள்

"அப்போ நிலம் காலியா இருந்துச்சு, ரயில் போட்டாங்க. இப்போ எங்கே போடுறது?" நியாயமான கேள்வி. ஆனால் 2000-ல் சிறுசேரியும் காலியாகத்தான் இருந்தது. காலியா இருந்தப்போ யோசிக்காமல், நிறைஞ்ச பிறகு நிலம் இல்லை என்று சொல்றோம். வேளச்சேரி - பரங்கிமலை பறக்கும் ரயில் இணைப்பை நினைச்சுப் பாருங்க. மொத்தமே ஐந்து கிலோமீட்டர். 2008-ல் ஆரம்பித்த வேலை, கடைசி அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினை வழக்கில் மாட்டி, பத்து வருஷத்துக்கு மேல் தூண்களாக நின்றது. தாமதத்தின் விலை இதுதான்.

"வெள்ளைக்காரன் நமக்கு நல்லது செஞ்சான்னு சொல்ல வர்றியா?" இல்லவே இல்லை. சவுத் இந்தியன் ரயில்வே லாபத்துக்காக நடந்த கம்பெனி. டிக்கெட் விற்கணும், அதுக்கு ஆள் வேணும், ஆள் வரணும்னா வண்டி அடிக்கடி ஓடணும். கணக்குப் போட்டுத்தான் செஞ்சாங்க. எனக்கு அவங்க மனசு முக்கியம் இல்லை, அந்தக் கணக்கு முக்கியம். அந்தக் கணக்கைச் சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ரயில்வே விடாமல் நடத்தியதால்தான் இன்றைக்கும் தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் பத்து ரூபாயில் போக முடியுது.

"ரயில் விட்டால் எல்லாம் சரியாகிடுமா? பறக்கும் ரயில் ஸ்டேஷன்களைப் பார்த்தியா, பேய் பங்களா மாதிரி இருக்கு." பார்த்திருக்கேன். கேள்வியில் உண்மை இருக்கு. ஸ்டேஷனிலிருந்து போக வேண்டிய இடத்துக்கு இணைப்பு வண்டி இல்லன்னா எவ்வளவு பெரிய ஸ்டேஷன் கட்டினாலும் காத்தாடத்தான் செய்யும். அதனால்தான் அந்த இணைப்பு வண்டியைப் பத்திப் பேச வர்றேன். மெட்ரோவை நாம போட முடியாது. அந்த இணைப்பு மட்டும் நம்ம கைக்கு எட்டும்.

சரி, நம்ம விஷயம்

நம்ம காலேஜ் பஸ் எப்படி ஓடுது? காலையில் ஆவடி, பெரம்பூர், திருவொற்றியூர் என்று சென்னையின் எல்லா மூலையிலிருந்தும் ஒவ்வொரு பஸ் கிளம்பி, ஒரே நெரிசலில் ஊர்ந்து இங்கே வந்து சேரும். சாயங்காலம் அதே மாதிரி திரும்பும். என் பெஞ்ச் மேட் ஆவடியிலிருந்து வர்றான். காலையில் 4.45-க்கு எழுந்திருக்கிறான். முதல் ஹவர் தூங்குறான். ப்ரொஃபசர் அவனைத் திட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். இப்போ வர்றதில்லை.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வண்டி. விட்டால் போச்சு. இது 1931-க்கு முந்தைய தாம்பரம். தண்டவாளம் இருக்கு, ரயிலும் இருக்கு, ஆனால் ஊர் வளராது. நம்ம காலேஜிலும் அப்படித்தான். லேப் இருக்கு, லைப்ரரி இருக்கு, கிளப் இருக்கு, கிரவுண்டு இருக்கு. 3.40-க்கு மேல் யாரும் இல்லை. ஹாஸ்டல் மாணவர்கள் மட்டும் எல்லாத்தையும் பயன்படுத்துறாங்க. டே ஸ்காலர்ஸும் அதே ஃபீஸ்தான் கட்டுறோம், அதுக்கு மேல் பஸ் ஃபீஸும் கட்டுறோம்.

நான் சொல்லும் யோசனை சின்னதுதான். தூரத்து ரூட்களில் ஓடும் பஸ்களில் சிலவற்றை எடுத்து, தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஒண்ணு, வேளச்சேரி ஸ்டேஷனிலிருந்து ஒண்ணு என்று ரெண்டு ஷட்டில் விடலாம். காலையில் 7 மணியிலிருந்து, சாயங்காலம் 3.40 முதல் 7.30 வரை, அரை மணிக்கு ஒரு வண்டி. ஆவடிக்காரன் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, ரோடு தாண்டிப் பார்க் ஸ்டேஷனில் ஏறித் தாம்பரத்தில் இறங்கட்டும். காலையில் இதனால் பெரிசா நேரம் மிச்சமாகாது, அதை மறைக்க விரும்பலை. ஆனால் சாயங்காலம் அவன் ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் சிக்க மாட்டான். முக்கியமாக, 3.40-க்கு ஓட வேண்டாம். 4 மணி வண்டி போனால் 4.30. அதுவும் போனால் 5.

மாற்றத்தை எல்லார் மேலும் திணிக்கச் சொல்லலை. ரயிலில் இடம் மாறி ஏறி இறங்க முடியாதவங்க இருக்காங்க. கூட்டத்தில் பெண்களுக்கு என்ன நடக்கும் என்று வீட்டில் பயப்படுறாங்க, அந்தப் பயம் பொய் இல்லை. நான் இதை எங்க கிளாஸில் பேசினப்போ பெண்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "ஸ்டேஷனில் இறக்கிவிட்டுட்டு பஸ் போயிடுமா, இல்ல ஆள் நிற்பாங்களா?" அதனால் ஆறு மணிக்கு மேல் போகும் ஷட்டிலில் ஒரு அட்டெண்டர் கண்டிப்பா வேணும், அவர் ஸ்டேஷன் வாசல் வரை வரணும். இருக்கிற ரூட் பஸ்களில் பாதியாவது அப்படியே ஓடட்டும். ஒரு செமஸ்டர் மட்டும் முயற்சி செய்து பார்க்கலாம். ஷட்டில் காலியா ஓடினால் நிறுத்திடலாம், நானே வந்து நான் சொன்னது தப்பு என்று இதே இதழில் எழுதறேன். நான் பாஸ் அவுட் ஆனாலும் எழுதறேன்.

இதில் எனக்கு லாபம் எதுவும் இல்லை. அடுத்த செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்ட், அப்புறம் நான் கிளம்பிடுவேன். ஆனால் இந்த நாலு வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால், எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் பஸ்ஸை விட்ட நாட்கள்தான். செகண்ட் இயரில் ஒரு நாள் சர்க்யூட் ஓடலை என்று லேபிலேயே உட்கார்ந்துட்டோம். பஸ் போயிடுச்சு. ஆறரை மணிக்கு அந்த சர்க்யூட் ஓடியது. நாலு பேரும் கேட் வரை நடந்து, ஷேர் ஆட்டோ, டவுன் பஸ், திரும்ப ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி வீடு போய்ச் சேர ஒன்பதரை. அம்மா திட்டினாங்க. ஆனால் நான் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்று எனக்கே தோணிய முதல் நாள் அது. அந்த மாதிரி நாள் ஒருத்தருக்கு பஸ்ஸை விட்டால்தான் கிடைக்கும் என்றால், அந்த டைம் டேபிளில் ஏதோ தப்பு இருக்கு.

ட்ரான்ஸ்போர்ட் கமிட்டிக்குக் கொடுக்க ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி வெச்சிருக்கேன். தமிழில்தான். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் என்பதால் ன, ண எல்லாம் நம்ம எடிட்டர் திருத்தித் தந்தார். கேன்டீனுக்குப் பக்கத்து மேஜையில் இந்த வாரம் முழுக்க லஞ்ச் நேரத்தில் அந்தக் கடிதத்தோடு நான் இருப்பேன். படிச்சுப் பாருங்க. சரின்னு பட்டால் பேரும், உங்க வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எத்தனை பேருக்கு எந்த ஸ்டேஷன் என்று தெரிந்தால்தான் எந்த ரூட்டில் ஷட்டில் வேணும் என்று கணக்கோடு கேட்க முடியும். ஒத்துக்கலைன்னா ஏன் என்று அங்கேயே சொல்லுங்க, கடிதத்தைத் திருத்திக்கிறேன்.

லஞ்சில் வர முடியாதவங்க சாயங்காலமும் வரலாம். ஆனால் 3.40-க்கு முன்னாடி வந்துடுங்க. எனக்கும் பஸ் இருக்கு.